ரோஜாத் தோட்டத்து உரம், மீன் தொட்டிக் கடை மோட்டார்: ஓசூர் அடுக்ககத்தில் ஜன்னல் கீரை

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் அடுக்ககத்தில் இருந்துகொண்டு மண்ணில்லாமல் கீரை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் ஆன்லைனில் விற்கும் ரெடிமேட் ஹைட்ரோபோனிக் கிட் வாங்கத் தேவையே இல்லை. அதில் இருக்கிற ஏறக்குறைய எல்லாமே நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிறது, அதைவிடத் தரமாகவும் கிடைக்கிறது. கவனமும் காசும் போக வேண்டிய இடம் வேறு. அது தண்ணீர். கிட்டையும் நானே கட்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளர்த்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். வீடு பாகலூர் ரோட்டுப் பக்கம், இரண்டாவது மாடி. பால்கனி என்று பெயருக்குத் துணி காயப்போடும் இடம்தான் உண்டு. சமையலறை ஜன்னல் கிழக்கு பார்த்தது, ஹால் ஜன்னல் தெற்கு பார்த்தது. இந்த இரண்டு ஜன்னலில்தான் என் தோட்டம் முழுவதும் இருக்கிறது.

முதலில் கிட்டைப் பற்றி. புது வீட்டுக்குக் குடிவந்தபோது தம்பி வாங்கித் தந்தது. விலை நாலாயிரத்துச் சொச்சம். வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டி, பன்னிரண்டு ஓட்டை போட்ட மூடி, தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சின்ன பம்ப், ஊதா வெளிச்சம் தரும் விளக்கு, ‘ஏ’ என்றும் ‘பி’ என்றும் எழுதிய இரண்டு சத்துப் பாட்டில். பார்க்க அழகுதான். ஆனால் மூடி அவ்வளவு மெல்லிசு. வெளிச்சம் ஊடுருவிப் போய், தொட்டிச் சுவர் முழுக்கப் பச்சைப் பாசி படிந்துவிடும். வெளிச்சமும் சத்தும் ஒரே இடத்தில் கிடைத்தால் பாசி வராமல் எப்படி இருக்கும்? பன்னிரண்டு ஓட்டையும் நெருக்கமாக இருப்பதால் பாலக் இலை விரிந்ததும் பக்கத்துச் செடிக்கு வெயில் படாது. ஆறு செடி வைத்தால் சரியாக இருக்கும். ஊதா விளக்கு போட்டால் ஹாலே ஊதாவாகிவிடும், இலை வாடியிருக்கிறதா மஞ்சளாகியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது.

இதையெல்லாம்கூட பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு உண்மையில் கோபம் வந்தது இரண்டு விஷயத்தில். சத்துப் பாட்டிலில் என்ன இருக்கிறது, எத்தனை சதவீதம் என்று ஒரு வரி இல்லை. ஒரு மூட்டை யூரியாவில்கூட அதைத் தெளிவாக அச்சடித்திருப்பார்கள். அடுத்தது, கூட வந்த கையேட்டில் ‘குழாய்த் தண்ணீரை நிரப்பவும்’ என்று போட்டிருக்கிறதே தவிர, எந்த மாதிரித் தண்ணீர் என்று ஒரு வார்த்தை இல்லை. பெங்களூரிலோ சென்னையிலோ உட்கார்ந்து எழுதியவருக்கு நம் மாவட்டத்துப் போர்வெல் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும்?

நம் ஊர்த் தண்ணீரின் கதை இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறைக்குள்ளிருந்து வரும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையும் மூட்டு வலியுமாக எத்தனையோ கிராமங்கள் அவதிப்பட்டதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஜப்பானின் ஜைகா கடனுதவியோடு கட்டி 2013இல் தொடங்கி வைத்தார்கள். எங்கள் அடுக்ககத்தில் சமையலுக்கு அந்தக் காவிரித் தண்ணீர் முறை வைத்து வரும். குளிக்க, துவைக்க எல்லாம் போர்வெல். கோடையில் போர்வெல்லும் இறங்கிவிட்டால் லாரித் தண்ணீர். ஆக மூன்று வகைத் தண்ணீர் வருகிற வீடு இது.

டிடிஎஸ் மீட்டர் என்று பேனா மாதிரி ஒன்று கிடைக்கிறது, 250 ரூபாய். ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று சுமாராகக் காட்டும். இந்தத் தோட்டத்துக்கு வாங்கியதிலேயே உருப்படியான பொருள் இதுதான். எங்கள் போர்வெல் தண்ணீரில் விட்டால் 1,100 காட்டுகிறது. காவிரித் தண்ணீரில் 340. ஆர்ஓ தண்ணீரில் 50. குடிநீருக்கு இந்தியத் தர அளவு 500 வரை நல்லது என்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை விடுகிறது. மனிதருக்கே இப்படி. செடிக்கோ, சத்து உப்பு எல்லாம் கலந்த பிறகு கரைசல் மொத்தமாக 800ஐ ஒட்டி இருந்தால் கீரைக்குப் போதும். சத்தே போடாமல் 1,100 இருக்கிற தண்ணீரில் இன்னும் என்னத்தைக் கரைப்பது? அதில் இருக்கிற உப்பு முக்கால்வாசி செடிக்கு வேண்டாத உப்பு. கிட்டோடு வந்த கையேட்டை நம்பிப் போர்வெல் தண்ணீர் ஊற்றியவர்கள் ‘இது நம்ம வீட்டுக்கு ஒத்துவரல’ என்று பரணில் தூக்கிப் போட்டதை எங்கள் பிளாக்கிலேயே பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

நான் காவிரித் தண்ணீர் பாதி, ஆர்ஓ தண்ணீர் பாதி கலக்கிறேன். மீட்டர் 200க்குள் காட்டும். மழை பெய்தால் மொட்டை மாடியில் பக்கெட் வைத்துப் பிடித்துவிடுவேன். முதல் மழையை விட்டுவிட்டு, தூசி கழுவிப் போன பிறகு பிடிக்கும் தண்ணீருக்கு ஈடே இல்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: இந்த மீட்டர் கரைந்திருக்கிற உப்பை மொத்தமாகக் காட்டுமே ஒழிய ஃபுளோரைடு எவ்வளவு என்று தனியாகச் சொல்லாது. எண் குறைவாகக் காட்டுகிறதே என்று நம்பிப் போர்வெல் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்துவிடாதீர்கள். கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதுதான் முறை.

தண்ணீருக்கு அடுத்தது சத்து. இங்கேதான் ஓசூர்க்காரர்களுக்கு அடித்திருக்கிறது யோகம்.

நம்மைச் சுற்றி எவ்வளவு ரோஜாத் தோட்டம்! தளி, பாகலூர், பேரிகை என்று எந்தப் பக்கம் போனாலும் பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய பாலிஹவுஸ்தான். பிப்ரவரி காதலர் தினத்துக்கு இங்கிருந்து வெளிநாட்டுக்கும் பூ போகிறது. அந்த ரோஜாவுக்குச் சொட்டுநீர்க் குழாயில் உரத்தைக் கரைத்துத்தான் விடுகிறார்கள். அப்படியென்றால் தண்ணீரில் வண்டல் இல்லாமல் கரையக்கூடிய உரம் அத்தனையும் ஓசூர் உரக்கடைகளில் இருக்கிறது. கால்சியம் நைட்ரேட், 13:0:45 என்று கேட்டால் பொட்டாசியம் நைட்ரேட், 0:52:34 என்று கேட்டால் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், மக்னீசியம் சல்பேட், நுண்ணூட்டக் கலவை. ஹைட்ரோபோனிக் சத்து என்று ஆன்லைனில் பாட்டிலில் அடைத்து விற்பதும் பெரும்பாலும் இதே உப்புகள்தான். அங்கே தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம்.

நான் வாங்குவது ராயக்கோட்டை ரோட்டில் இருக்கும் ஒரு உரக்கடையில். பெயர் போட்டு விளம்பரம் செய்கிற எண்ணமில்லை, ஆனால் அந்தக் கடைக்காரரைப் பாராட்டாமல் இருக்க முடியாது. தக்காளிக்கும் முட்டைக்கோசுக்கும் மருந்து கேட்டு விவசாயிகள் நிற்கிற கூட்டத்தில் ஒரு கிலோ கால்சியம் நைட்ரேட் கேட்டு நான் போய் நின்றேன்.

“எந்தப் பயிருக்கும்மா?” என்றார்.

“ஜன்னல்ல தண்ணியில வெக்கிற கீரைக்குண்ணா.”

“மண்ணே கிடையாதா?”

“கிடையாதுண்ணா. வெறும் தண்ணிதான்.”

ஒரு நிமிஷம் யோசித்தார். அப்புறம் எழுந்து வந்து, “அப்படின்னா கால்சியத்தையும் மத்ததையும் ஒரே டப்பாவுல கரைச்சு வெச்சிடாதீங்கம்மா. ரோஸ் தோட்டத்துல அதுக்குத்தான் ரெண்டு டேங்க் வெச்சிருக்காங்க. ஒண்ணா ஊத்துனா டிரிப் பூரா அடைச்சுக்கும்” என்றார். ‘ஏ’, ‘பி’ என்று கிட்டில் இரண்டு பாட்டில் ஏன் இருக்கிறது என்பதற்கான காரணம் அவ்வளவுதான். அடர்த்தியாக இருக்கும்போது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் கரையாத உப்பாக மாறி மோர் மாதிரி கலங்கி அடியில் தங்கிவிடும். சல்பேட்டோடு சேர்ந்தாலும் அதே கதி. செடிக்கு இரண்டுமே கிடைக்காது. நிறையத் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கரைத்தால் அந்தப் பிரச்சினை வராது. நாலாயிரம் ரூபாய்க் கிட்டின் கையேடு சொல்லாததை ஒரு கிலோ உரம் வாங்கப் போன இடத்தில் சொல்லிக் கொடுத்தார்.

பக்கத்தில் நின்ற ஒருவர் 19:19:19 ஒன்று போதுமே என்றார். மண்ணுக்கு அது நல்ல உரம். தண்ணீரில் வளர்க்க அது சரிப்படாது. அதில் இருக்கிற தழைச்சத்தில் பாதியளவுக்கு யூரியா வடிவத்தில் இருக்கிறது. மண்ணில் இருக்கிற நுண்ணுயிரிகள் யூரியாவை மாற்றிச் செடிக்குக் கொடுக்கும். வெறும் தண்ணீரில் அந்த நுண்ணுயிரிகள் அந்த அளவுக்கு இருக்காது. போதாததற்கு அதில் கால்சியமும் கிடையாது. புது இலையின் நுனி கருகிச் சுருண்டால் முதலில் கால்சியத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

நான் கலக்கும் அளவு இது. பத்து லிட்டர் தண்ணீருக்குக் கால்சியம் நைட்ரேட் 5 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் 3 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 2 கிராம், மக்னீசியம் சல்பேட் 2 கிராம், நுண்ணூட்டக் கலவை 0.3 கிராம். காவிரித் தண்ணீரிலேயே கொஞ்சம் கால்சியமும் மக்னீசியமும் இருப்பதால் இந்த அளவு. முழுக்க மழைத் தண்ணீர் என்றால் கால்சியம் நைட்ரேட்டை 6 ஆகவும் மக்னீசியம் சல்பேட்டை 3 ஆகவும் ஏற்றிக்கொள்வேன். நாற்றுக்கு இதில் பாதி போதும். எடை போட, நகைக் கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரிக் கையடக்கத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. ஸ்பூன் கணக்கெல்லாம் இதில் கூடாது. கால்சியம் நைட்ரேட்டும் மக்னீசியம் சல்பேட்டும் ஒரே ஸ்பூனில் ஒரே எடை வராது.

கால்சியம் நைட்ரேட் பொட்டலத்தைப் பிரித்த உடனே இறுக்கமான டப்பாவுக்கு மாற்றிவிட வேண்டும். வெள்ளை மணி மணியாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் ஒரு ராத்திரி திறந்து கிடந்தால் போதும், காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டு மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரத்தில் நீர் கசிந்து நிற்கும். அப்புறம் 5 கிராம் என்று எடை போட்டால் அதில் உரம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

பிஹெச் பற்றியும், அதாவது தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் ஊரில் அதுதான் தலைவலி. கீரைக்கு 5.5லிருந்து 6.5க்குள் இருக்க வேண்டும். நம் தண்ணீர் இயல்பிலேயே எட்டை ஒட்டி இருக்கும். இன்றைக்குக் குறைத்து வைத்தால் நாளைக்கே ஏறும், காரணம் தண்ணீரில் இருக்கிற பைகார்பனேட். பிஹெச் ஏறினால் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. அப்போது இளம் இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். நிறையப் பேர் அதைப் பார்த்துவிட்டு இன்னும் உரத்தைக் கொட்டுகிறார்கள். தேவைப்படுவது உரமில்லை, சில சொட்டு அமிலம். சொட்டுநீர்க் குழாய் அடைப்பை எடுக்க ரோஜாத் தோட்டக்காரர்கள் வாங்கும் பாஸ்பாரிக் அமிலமே இதற்கும் ஆகும். ஆனால் அது வீட்டில் வைக்கிற சாதாரணப் பொருளில்லை. கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு, தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை விடக் கூடாது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் பூட்டி வைக்க இடமில்லை என்றால் வேண்டவே வேண்டாம், மழைத் தண்ணீரும் ஆர்ஓ தண்ணீரும் அதிகம் சேர்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். எலுமிச்சை உப்பு போட்டும் குறைக்கலாம், இரண்டு நாளில் பழையபடி ஏறிவிடும்.

பிஹெச் பேனா மீட்டர் 500 ரூபாய் சுமாருக்குக் கிடைப்பது போதும். கூடவே வரும் 4.00, 6.86 பொடிகளைக் கரைத்து வைத்துக்கொண்டு, அடிக்கடி அதில் முக்கிச் சரிபார்க்க வேண்டும். கம்பெனியில் காலிபரேஷன் தேதி தாண்டிய கருவியை நாங்கள் கையால் தொடமாட்டோம். வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்த வழக்கம் எதற்கு மாற வேண்டும்? முனையில் இருக்கிற கண்ணாடிக் குமிழ் காய்ந்துவிட்டால் மீட்டர் வாயில் வந்ததைச் சொல்லும். மூடிக்குள் ஈரம் இருக்கட்டும்.

இனி பாத்திரம். ஜன்னல் தோட்டம் என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது தலைகீழாகத் தொங்கும் பாட்டில் வரிசை. 2009இல் நியூயார்க்கில் பிரிட்டா ரைலி ஆரம்பித்த முயற்சியிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய அமைப்பு அது. பாட்டில்களை ஒன்றின் கீழ் ஒன்றாகக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, மேல் பாட்டிலின் மூடியில் போட்ட துளை வழியாகச் சொட்டும் தண்ணீர் அடுத்ததில் விழுந்து, கடைசியில் கீழே இருக்கும் தொட்டிக்கு வரும். அங்கிருந்து திரும்ப மேலே ஏற்ற, மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் சின்ன மோட்டாரே போதும்.

தெற்கு ஜன்னலில் இதை ஒன்று கட்டியிருக்கிறேன். நான்கு பாட்டில். பொருளெல்லாம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மீன் தொட்டிக் கடையில் வாங்கியது. மோட்டார், நாலு மீட்டர் டியூப், டி வடிவ இணைப்பு, தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு எல்லாம் சேர்த்து 350 ரூபாய். தண்ணீர் ஏறுவதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். அடித்தொட்டியிலிருந்து டியூபைக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டு, அந்த வளையத்தின் அடியில் டி இணைப்பு வழியாகக் காற்றை விட வேண்டும். ஒரு குமிழி, அதன் தலைமேல் ஒரு விரற்கடை தண்ணீர், மறுபடி ஒரு குமிழி என்று கண்ணெதிரே வரிசையாக மேலே ஏறிப் போகும். டியூப் மெல்லிசாக இருந்தால்தான் குமிழி தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். தடித்த டியூப் போட்டால் குமிழி மட்டும் நழுவி மேலே போய்விடும்.

அந்த மீன் கடைத் தம்பிக்கும் ஒரு நன்றி. “அக்கா, மோட்டாரைத் தண்ணி மட்டத்துக்கு மேல மாட்டுங்க. கீழ வெச்சா கரண்ட் போறப்ப தண்ணி திரும்பி மோட்டாருக்குள்ள வந்துடும்” என்று நான் கேட்காமலே சொல்லி, வால்வையும் எந்தப் பக்கம் பார்த்து மாட்ட வேண்டும் என்று ஊதிக் காட்டினார். கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் இது சின்ன விஷயமில்லை.

குறையும் உண்டு. ராத்திரியில் கொளக் கொளக் என்று சத்தம் வரும். ஹாலில் படுக்கிறவர்கள் இருந்தால் பிளக்கில் மாட்டும் டைமர் வாங்கி ராத்திரியில் இடைவெளி விட்டு ஓடவிடலாம். இரண்டாவது குறை, உப்பு. துளைகளைச் சுற்றி வெள்ளையாகப் படிந்து சொட்டு நின்றுவிடும், வினிகரில் ஊறப்போட்டுக் கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் ஊற்றினால் இது எப்போதோ ஒரு தடவை. போர்வெல் தண்ணீர் என்றால் வாரா வாரம் இதே வேலைதான்.

அதனால் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது கிழக்கு ஜன்னலில் வைத்திருக்கும் ஐந்து லிட்டர் எண்ணெய் கேன்களைத்தான். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது, சத்தம் கிடையாது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் கிராட்கி உருவாக்கிய முறை இது. கேன் வாயில் அடியெல்லாம் துளை போட்ட சின்னக் கூடை, அதில் செடி. கூடையின் அடி நனையும் அளவுக்கு ஒரே தடவை சத்துத் தண்ணீர் நிரப்ப வேண்டும். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். கீழே இருக்கும் வேர் தண்ணீரையும், மேலே அந்தரத்தில் தொங்கும் வேர் காற்றையும் எடுத்துக்கொள்ளும். பாதி இறங்கிவிட்டதே என்று மறுபடி விளிம்பு வரை நிரப்பக் கூடாது, காற்றுக்குப் பழகிய வேர் மூழ்கி அழுகிப் போகும். கேனில் கால்வாசிக்குக் கீழே போனால் கொஞ்சம் மட்டும் விடலாம்.

எண்ணெய் கேனைச் சோடா மாவு போட்டு வெந்நீரில் கழுவி, வெளியே கறுப்புப் பெயிண்ட் ஒரு கை, அதன் மேல் வெள்ளை ஒரு கை அடிக்க வேண்டும். கறுப்பு வெளிச்சத்தை அடைக்கும், வெள்ளை வெயிலைத் திருப்பும். தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கிற ஆக்சிஜன் குறைந்துவிடும். 20 டிகிரியில் லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் இருப்பது 30 டிகிரியில் ஏழரைக்கு வந்துவிடும். ஓசூர் உயரத்தில் இருப்பதால் சூடு குறைவு, அது நமக்குப் பெரிய வரம். கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ மார்ச் மாதத்துக்கு மேல் கேனைச் சுற்றி ஈரத் துணி கட்டாமல் முடியாது.

கூடைக்கும் கேன் வாய்க்கும் நடுவே இடைவெளி இருக்கக் கூடாது. டெங்கு கொசு முட்டையிடுவது இந்த மாதிரித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான். சந்து இருந்தால் பஞ்சோ வலையோ வைத்து அடைத்துவிடுங்கள். மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வரும் பெண்கள் எங்கள் வீட்டுக் கேன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். பார்க்கட்டும், அதுதான் நல்லது.

கூடையும், அதில் செடியைத் தாங்கிப் பிடிக்கும் களிமண் உருண்டையும் மட்டும் ஆன்லைனில் வாங்கினேன். கூடை ஒன்று 6 ரூபாய். உருண்டையைத் தூசி போகக் கழுவிப் போட்டால் வருஷக் கணக்கில் உழைக்கும். விதை முளைக்கவைக்கத் தென்னை நார்த்தூள் போதும், ஆனால் வாங்கியதும் இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள், அதிலும் உப்பு உண்டு.

வெளிச்சத்துக்கு வருவோம். தெற்கு ஜன்னல்தான் சிறந்தது என்று வெளிநாட்டுக் குறிப்புகளில் எல்லாம் இருக்கும். அது அவர்கள் ஊருக்குச் சரி. நம் ஊரில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் உச்சி வெயில் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். அந்த நாலு மாதம் தெற்கு ஜன்னலில் நேர் வெயிலே விழாது. ஐப்பசிக்கு மேல் மாசி வரை நன்றாக விழும். வருஷம் முழுக்க நம்பக்கூடியது கிழக்கு ஜன்னல்தான், காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் இலையைச் சுடாமல் கிடைக்கும். போதாத மாதங்களில் சாதாரண 20 வாட் வெள்ளை எல்இடி டியூப் லைட் ஒன்றை இலைக்கு ஒரு முழம் மேலே மாட்டிப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடுகிறேன். மாதத்துக்கு ஏழு யூனிட் சொச்சம் வரும். காற்று மோட்டார் ராத்திரி பகல் ஓடினாலும் மாதம் இரண்டு யூனிட்தான். ஊதா விளக்குக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

என்ன வளர்க்கலாம்? புதினாவை விட நம்பகமானது எதுவும் இல்லை. கடையில் வாங்கிய கட்டிலிருந்து தடித்த காம்பு நாலைத் தண்ணீரில் போட்டால் ஒரு வாரத்துக்குள் வேர் விடும். பாலக் அருமை. இலை கையகலம் வரும், வெளி இலையாகப் பறிக்கப் பறிக்க நடுவிலிருந்து வந்துகொண்டே இருக்கும். தண்டுக்கீரைக்கு வெயில் வேண்டும், கோடையில் மற்றதெல்லாம் சோர்ந்து நிற்கும்போது அதுதான் தலை தூக்கும். கொத்தமல்லிக்குப் பொறுமை வேண்டும். விதையை உருட்டி இரண்டாக உடைத்துப் போட்டாலும் முளைக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். லெட்டூஸ் கார்த்திகையிலிருந்து மாசி வரை ஓசூர்க் குளிரில் பிரமாதமாக வரும். சித்திரையில் விதைத்தால் முளைப்பதே கஷ்டம், முளைத்தாலும் கசந்து பூத்துவிடும். தக்காளி, கத்தரி பக்கம் போகாதீர்கள். ஜன்னல் வெயில் அதற்குப் பத்தாது, அதோடு ராயக்கோட்டையில் என் தம்பி வயலில் விளைவதற்கு நிகராக ஜன்னலில் ஒன்று விளைந்துவிடாது.

ருசியைப் பற்றி அத்தையின் தீர்ப்பைத்தான் சொல்ல வேண்டும், அவர் மண்ணிலேயே வாழ்ந்தவர். பாலக் மசியலைச் சாப்பிட்டுவிட்டு மறுபேச்சில்லாமல் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். புதினாத் துவையலுக்கு மட்டும், “வாசம் நல்லாத்தான் இருக்கு, ஆனா மண்ணுல வர்ற காரம் இல்லம்மா” என்றார். உண்மைதான். பறிப்பதற்கு முன் நாலைந்து நாள் வெயில் நன்றாகப் படும் இடத்துக்கு மாற்றி வைத்தால் கொஞ்சம் காரம் ஏறுகிறது.

செலவைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. மீட்டர் இரண்டு, தராசு, உரம், கூடை, உருண்டை, மோட்டார் சாமான் எல்லாம் சேர்ந்து 2,500 ரூபாய்க்குப் பக்கம் வந்தது. உழவர் சந்தையில் கீரைக் கட்டு விற்கிற விலைக்கு இது லாபமா என்று கேட்டால், இல்லை. ஆனால் இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வந்து மறுநாள் காலையில் டிபன் பாக்ஸுக்கு என்ன செய்வது என்று நிற்கிறபோது, மருந்து அடிக்காத கீரை கை நீட்டும் தூரத்தில் இருக்கிறது. அதற்கு இந்தக் காசு தாராளமாகத் தகும்.

உரம்தான் ஒரு வீட்டுக்கு அதிகம். ஒரு கிலோ கால்சியம் நைட்ரேட்டில் இரண்டாயிரம் லிட்டர் கரைசல் கலக்கலாம், கடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்து தரமாட்டார்கள். எங்கள் பிளாக்கில் மூன்று வீடு சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். நீங்களும் போவதென்றால் காலையிலேயே போங்கள், பத்து மணிக்கு மேல் விவசாயிகள் கூட்டம் வந்துவிட்டால் நின்று பேச அந்த உரக்கடைக்காரருக்கு நேரம் இருக்காது. பழைய உரக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றாமல் கீழே கறிவேப்பிலை மரத்துக்கு விடச் சொல்லி அவர்தான் சொன்னார். எங்கள் வாட்ச்மேன் அண்ணன் அதற்கென்றே ஒரு பக்கெட் வைத்திருக்கிறார்.